மைத்துனனின் கல்யாண சீடியும் நடு ஊசியும்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வரி நேராகத்தான் தொடங்கும், பாதியில் மேடு ஏறிவிடும். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர இருக்கும். என் மனைவியைக் கேட்டால் திருத்திக் கொடுப்பாள், ஆனால் நான் இதை எழுதுவது அவளுக்கே தெரியாது. வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஏன் கையால் எழுதுகிறீர்கள் என்று கேட்பீர்கள். அதில் எனக்குப் படத்தை வெட்டத் தெரியும், ஒட்டத் தெரியும், பெட்டியையே கழற்றி மாட்டத் தெரியும். தமிழ் அடிக்க மட்டும் தெரியாது.

என் சொந்த ஊர் மலைக்குக் கீழே, பேளுக்குறிச்சிப் பக்கம். மனைவி அரசாங்க நர்ஸ். அவளுக்குக் கொல்லிமலையில் வேலை போட்டதும் தோட்டத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு நானும் கூடவே மேலே வந்துவிட்டேன். அவள் காலையில் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு வேலை இல்லை. முதலில் ஒரு போட்டோ கேமரா வாங்கினேன், பிறகு பழைய வீடியோ கேமரா ஒன்று. எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் காது சூடாகிவிடும். ஆனால் தோளில் கேமரா ஏறிவிட்டால் யாரும் என்னைப் பார்ப்பதில்லை, கேமராவைத்தான் பார்க்கிறார்கள். கல்யாணப் பந்தலில் நடுவில் நின்றுகொண்டே இல்லாமல் இருக்கலாம். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

இரண்டாயிரமாவது வருடம் எல்லோரும் கேசட்டை விட்டு சீடி கேட்க ஆரம்பித்தார்கள். என் பழைய கம்ப்யூட்டருக்கு அந்தத் தெம்பு கிடையாது. பஸ்ஸில் மடியில் வைத்து நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் உள்ளே எல்லாவற்றையும் மாற்றினேன். புது போர்டு, புது பிராசசர், சீடி எழுதும் பெட்டி. மிச்சம் இருந்தது வெளித் தகரமும் டிவி மாதிரி இருக்கும் மானிட்டரும்தான்.

கடைக்காரர் பெட்டியை மூடும்முன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இங்க பாருங், இந்தப் பிராசசர் மேல வேகம் முந்நூறுன்னு போட்டிருக்கான். ஆனா இது நானூத்தம்பது ஓடுமுங். இந்தா, மூணு ஊசி தெரியுதா? அதுல ஒரு கறுப்புத் தொப்பி மாட்டியிருக்குது. இப்ப மொத ஊசியில இருக்குது. கடைசி ஊசிக்கு மாத்துனா பிச்சுக்கிட்டு ஓடும். இதுக்குப் பேரு ஓவர்கிளாக்குங்."

"சூடாகாதுங்களா?" என்று கேட்டேன்.

"ஆவுமுங். கீழ இருக்கறவனுக்கு நான் சொல்ல மாட்டேன். உங்க ஊரு குளிருக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா எரிஞ்சு போச்சுன்னு எங்கிட்டத் தூக்கிக்கிட்டு வரக்கூடாதுங்."

தொப்பி என்றால் ஒரு உளுந்தம்பருப்பு அளவு. அதை இடம் மாற்றினால் மிஷின் தன்மேல் அச்சடித்திருப்பதைவிட வேகமாக ஓடும். எனக்கு உடனே எங்கள் தோட்டத்து ஆயில் என்ஜின் ஞாபகம் வந்தது. ஒரு கோடையில் அண்ணன், வேகத்தைக் கட்டுப்படுத்தும் அதன் கவர்னரில் கம்பியை இழுத்துக் கட்டினார். தண்ணீர் கிணற்றிலிருந்து பாய்ந்து பாய்ந்து வந்தது. எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தோம். மூன்றாம் நாள் பிஸ்டன் பிடித்துக்கொண்டு என்ஜின் நின்றுவிட்டது. ஆக, தொப்பியை மாற்றலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். தினமும் பெட்டியைத் திறப்பேன், மூன்று ஊசிகளையும் பார்ப்பேன், மூடிவிடுவேன்.

அப்போதுதான் மைத்துனன் கல்யாணம் வந்தது. என் மனைவியின் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். ஐப்பசியில் கீழே ஊரில் கல்யாணம் நடந்தது. நான்தான் வீடியோ எடுத்தேன். மூன்று மணி நேரப் படத்தை ஒரு மணி நேரமாக வெட்டி வைத்திருந்தேன். இனி கம்ப்யூட்டர் அதை சீடிக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தர வேண்டும். அதற்கு என் மிஷினுக்கு ஐந்தரை மணி நேரம் வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் முதலிலிருந்து.

இங்கேதான் சிக்கல். அந்த ஐப்பசி மழையில் டிரான்ஸ்பார்மர் ஒன்று கெட்டு, இருக்கிற ஒன்றை வைத்து ஊரின் இரண்டு பக்கத்துக்கும் மாற்றி மாற்றிக் கரண்ட் விட்டார்கள். எங்கள் பக்கம் காலை ஏழு முதல் பதினொன்றரை வரை. சாயங்காலமும் வரும், ஆனால் பல்பு நெருப்புத்துண்டு மாதிரி சிவந்து நிற்கும், கம்ப்யூட்டர் அதில் கண்ணே திறக்காது. ஐந்தரை மணி நேர வேலைக்கு நாலரை மணி நேரக் கரண்ட். கரண்ட் போனால் தாங்க ஒரு யூ.பி.எஸ் இருந்தது, அது ஐந்து நிமிடம் தாங்கும். இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன், இரண்டு தரமும் போனது.

வெள்ளிக்கிழமை மதியம் மைத்துனனும் அவன் பெண்டாட்டியும் விருந்துக்கு மலையேறி வந்தார்கள். எழுபது வளைவில் பஸ் சுற்றியதில் புதுப்பெண் முகம் வெளுத்திருந்தது. இவன் இறங்கியதுமே கத்தினான்.

"மச்சான், சீடி எங்க?"

"ஆயிட்டிருக்குது மாப்ள," என்றேன்.

"திங்கக்கெழம மொத பஸ்ஸுக்கு நான் எறங்கோணும். சேலத்துல ரயிலு. அங்க போனா ஒரு வருசம் பனியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோணும். எங்க கூடத்துல சீடி மிஷின் ஒண்ணு இருக்குது. எங்கூட இருக்கறவனுங்க எல்லாரும் அவனவன் கல்யாணத்தப் போட்டுக் காட்டிட்டாங்க. நாந்தான் பாக்கி. எங்க மச்சான் சினிமாக்காரரு, அவரு எடுத்தத நீங்க பாத்ததே இல்லைன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

"ஏன்டா அப்பிடியெல்லாம் சொல்ற?" என்று என் மனைவி சிரித்தாள். "அவரு ஆளுங்க முன்னால இருமவே யோசிப்பாரு."

அவர்கள் இருவரும் சேர்ந்திருந்தது மொத்தம் பத்துப் பன்னிரண்டு நாள். அதில் பாதி நாள் விருந்து விருந்தென்று பஸ்ஸிலேயே போயிருக்கும். அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் அந்தச் சீடித் தட்டைத்தான் அவன் கூடக் கொண்டுபோகப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடியும் முந்நூறிலேயே போட்டேன். ஒருவேளை இன்றைக்குக் கரண்ட் கொஞ்சம் சேர்ந்து இருக்கும் என்று ஒரு ஆசை. பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மனைவிக்கு அன்று விடுப்பு. தேநீர் கொண்டுவந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங், இதுல எதுங் மூளை?"

பிராசசர் மேல் இருந்த அலுமினியக் கட்டியையும் சின்ன ஃபேனையும் காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மருந்துப் பையிலிருந்து காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துவந்து அந்தக் கட்டியோடு சேர்த்துப் பிடித்தாள். மைத்துனனும் பெண்ணும் வந்து நின்றார்கள். அவள் வாட்சைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் நின்றாள்.

"நூத்தி அஞ்சு," என்றாள். "இப்பவே இப்பிடிக் கொதிக்குது. இதுக்கு மேல ஓட்டுனா ஜன்னி கண்டுருமுங்."

"மாத்திரை ஒண்ணு குடு அக்கா," என்றான் மைத்துனன்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. திரையில் கடைசியாகப் பார்த்தது எண்பத்திரண்டு சதவீதம். யூ.பி.எஸ் ஐந்து நிமிடம் கத்திவிட்டு அடங்கியது.

சாப்பாட்டில் உட்கார்ந்தோம். கடைக்காரர் சொன்ன தொப்பியைப் பற்றி நானே சொன்னேன். என் வாயிலிருந்து அவ்வளவு நீளமாகப் பேச்சு வந்து அவர்கள் கேட்டதில்லை.

"அப்பறம் என்னங் யோசனை? மாத்துங்," என்றான் மைத்துனன்.

"எரிஞ்சுபோனா?" என்றாள் மனைவி. "போன மாசந்தான் பஸ்ஸுல கொழந்தையாட்டம் மடியில வெச்சுக் கொண்டாந்தாரு. ஏனுங், அதுக்குப் பதிலா அந்த லைன்மேன் கிட்டப் போயி, நாளைக்கு ஒரு மணி நேரம் சேத்தி உடுங்கன்னு கேட்டா என்னங்? தெரிஞ்சவருதான?"

தெரிந்தவர்தான். தினமும் வீட்டு வழியாகப் போவார், சிரிப்பார், நானும் சிரிப்பேன். அவரிடம் போய் எனக்காக ஒன்று கேட்பதா? நான் ரசத்தைப் பிசைந்தேன்.

"அவரு கேக்க மாட்டாரு அக்கா," என்றான் மைத்துனன். "ஒரு மனுசன் கிட்ட வாயத் தொறக்கறதுக்குப் பதிலா கம்ப்யூட்டரக் கொளுத்திருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொய் இல்லையே.

புதுப்பெண் மெதுவாகச் சொன்னது. "அண்ணா, சீடி இல்லாட்டிப் பரவால்லீங். இவரு கண்ண மூடிக்கிட்டாலே ஞாபகம் வந்துருமுங். மிஷினு கெட்டுப்போச்சுன்னா உங்க பொழப்புங்."

அந்தப் பெண் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் ஒரு வாரம் யோசித்திருப்பேன். கையைக் கழுவிவிட்டு நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்து தொப்பியைப் பிடுங்கிக் கடைசி ஊசியில் மாட்டினேன்.

அதோடு நின்றிருக்க வேண்டும். ஊர்க் குளிரே போதும் என்று கடைக்காரர் சொன்னது மனதில் இருந்தது. இரவெல்லாம் மிஷின் நன்றாகக் குளிர்ந்தால் காலையில் சூட்டைத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். சட்டிக்கும் அரிசிக்கும் பொருந்துகிற கணக்கு அது, மிஷினுக்குப் பொருந்தாது. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பெட்டியைத் திறந்தபடி வைத்து, ஜன்னல் கதவு இரண்டையும் விரியத் திறந்துவிட்டுப் படுத்தேன்.

மலையில் இத்தனை வருடம் இருந்தவன் ஐப்பசி மாதத்தில் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். விடியற்காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தால் அறைக்குள்ளேயே மேகம் நிற்கிறது. மேசை ஈரம், வயர் ஈரம். போர்டைத் தொட்டேன், விரல் நனைந்தது. அந்த அலுமினியக் கட்டி மேல் முத்து முத்தாகத் தண்ணீர்.

"அம்மிணி," என்று கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்தாள். கத்தவில்லை. நர்ஸ் அல்லவா.

"கரண்ட்டு வரதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுங். கழட்டுங்," என்றாள்.

போர்டைக் கழற்றினேன். அவள் முதலில் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தாள். பிறகு அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்துக் கேழ்வரகைக் கொட்டி வறுத்தாள். மூட்டு வீங்கினவர்களுக்குச் செய்வதுபோல் சூடான கேழ்வரகைத் துணியில் நாலு மடிப்பாக முடிச்சுப் போட்டு, கையில் சூடு பார்த்து, கம்ப்யூட்டர் போர்டுக்கு ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு முடிச்சு ஆறினால் புதுப்பெண் அடுத்ததைக் கொண்டுவரும். மைத்துனன் பக்கத்தில் குந்தி முறத்தால் விசிறினான்.

"நாளைக்கு அவனுங்க கேப்பானுங்க, சீடி எப்பிடித் தயார் பண்ணுனாங்கன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்? களி கிண்டற ராகியில ஒத்தடம் குடுத்தாங்கன்னா?"

"பேசாம விசுறுடா."

"மச்சான், இடுப்பு வலிக்குதுன்னு சொல்லுது பாருங், அந்தப் பக்கம் கொஞ்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. துளை துளையாகப் பார்த்து ஊதினேன். ஏழாக ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஜன்னலை இறுக்கமாகச் சாத்தினேன்.

ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது. சுவிட்சைப் போட்டேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு 'பீப்' என்று ஒரு சத்தம். இத்தனை வருடத்தில் அந்த மாதிரி ஒரு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. திரையில் நானூற்றைம்பது என்று வந்தது. மைத்துனன் சல்யூட் அடித்தான்.

வேலையை ஆரம்பித்தேன். எண்கள் தடதடவென்று ஏறின. ஐந்தாவது நிமிடம் மவுஸ் அம்பு அப்படியே உறைந்து நின்றுவிட்டது. ஆட்டினாலும் அசையவில்லை. தெர்மாமீட்டரை வைத்த மனைவி உடனே கையை எடுத்துவிட்டாள். பாதரசம் நூற்றெட்டைத் தொட்டுவிட்டது, இன்னும் வைத்தால் உடைந்துவிடும்.

"ஆள் தாங்காதுங்," என்றாள்.

மணி ஏழு ஏழு. முதல் ஊசிக்குத் திரும்பப் போனால் நேரம் போதாது, அது உறுதி. கடைசி ஊசியில் நிற்காது, அதுவும் தெரிந்துவிட்டது. நடு ஊசியைப் பற்றிக் கடைக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை. நானும் மூன்று வாரமாக முதலா கடைசியா என்றுதான் யோசித்தேனே தவிர நடுவில் ஒன்று இருப்பதை மறந்திருந்தேன். அண்ணனும் அந்தக் கம்பியைப் பாதி இழுத்துக் கட்டியிருக்கலாமோ என்னவோ.

தொப்பியை நடுவில் மாட்டினேன். முந்நூற்றெழுபத்தைந்து என்று வந்தது. ஏழு பன்னிரண்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது.

அன்று காலை நாங்கள் நாலு பேரும் அந்த அறையை விட்டு நகரவில்லை. புதுப்பெண் அங்கேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தது. பத்து மணிக்கு ஒருதரம், பதினோரு மணிக்கு ஒருதரம் மனைவி காய்ச்சல் பார்த்தாள். நூற்றியேழு. ஏறவில்லை, இறங்கவும் இல்லை. பதினொன்று இருபத்தைந்துக்குத் தொண்ணூற்றாறு சதவீதம். அரைக்குத் தொண்ணூற்றேழு. சொன்ன நேரத்துக்குக் கரண்ட் போனது.

யூ.பி.எஸ் கத்த ஆரம்பித்தது. இன்னும் ஆறு நிமிட வேலை இருக்கிறது, அது தாங்குவதோ ஐந்து நிமிடம். சட்டென்று ஒன்று தோன்றியது. மானிட்டரை அணைத்துவிட்டேன். அதுதான் அதிகம் குடிக்கும்.

"ஐயோ, அணச்சிட்டீங்களா?" என்று மைத்துனன் பதறினான்.

"கத்தாதே, பொட்டி முன்னால இருக்கற அந்தச் சிவப்பு லைட்டப் பாரு. அது மினுக்கற வரைக்கும் வேலை நடக்குது," என்றேன்.

நாலு பேரும் அந்தக் கடுகளவு வெளிச்சத்தைச் சுற்றிக் குனிந்து நின்றோம். மினுக், மினுக். யூ.பி.எஸ் வேறு கீச்கீச்சென்று கத்துகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று சிவப்பு நின்றது. மானிட்டரைப் போட்டேன். 'முடிந்தது' என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதைப் படித்து, ஒழுங்காக மூடி, சுவிட்சை அணைத்த பிறகுதான் மூச்சு விட்டேன். மைத்துனன் என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டான். புதுப்பெண் முன்னால். எனக்குக் காது எரிந்தது.

"குடுங் மச்சான், பொட்டியில வெச்சுக்கறேன்," என்று கையை நீட்டினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதைச் சீடித் தட்டில் எழுத வேண்டும். எழுதவும் கரண்ட் வேண்டும், இருபது நிமிடமாவது. நாளைக் காலை ஏழுக்குக் கரண்ட் வரும். அவன் பஸ் ஆறு மணிக்கு.

சொன்னேன். மைத்துனன் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் ஒன்றுதான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

லைன்மேன் டிரான்ஸ்பார்மர் பக்கத்து டீக்கடையில் இருந்தார். நான் போய் அவர் எதிரில் நின்றேன். வழியெல்லாம் நாலு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"என்னங் போட்டோக்காரரே, ஒக்காருங். டீ சொல்லட்டுங்களா?"

"அரை மணி," என்றேன்.

"என்ன அரை மணி?"

"கரண்ட்டுங்."

பிறகு எப்படியோ முழுவதையும் சொல்லிவிட்டேன், தொப்பி, மேகம், ஒத்தடம் எல்லாம். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லைன்மேன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அடக் கடவுளே! அந்தப் பக்கம் ரைஸ் மில்லு பெல்ட்டு அறுந்து நாலு நாளா பூட்டிக் கெடக்குதுங். பகல்ல அங்க யாருக்கும் கரண்ட்டே வேண்டாம். மொதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆறு மணி நேரம் உட்டிருப்பனே! போங், போயி மிஷினப் போடுங், இப்ப வரும்."

நான் வீட்டுக்கு ஓடினேன். வாசல் ஏறும்போதே உள்ளே பல்பு எரிந்தது. தட்டு எழுதி முடித்து வெளியே வந்தபோது கதகதவென்று இருந்தது. அதைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்ப்பதற்குள் நான் கேட்ட அரை மணி முடிந்து கரண்ட் போய்விட்டது. வீட்டில் சீடி போடும் மிஷினும் கிடையாது. திங்கட்கிழமை விடிகாலை அப்படியே துணியில் சுற்றி அவன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். பஸ் முதல் வளைவில் திரும்பும் வரை, எங்களோடு நாலு நாள் தங்கிப்போக நின்றுவிட்ட புதுப்பெண் கையை ஆட்டிக்கொண்டே நின்றது.

பிறகு பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈரம் பட்ட போர்டு, அளவுக்கு மேல் ஓடிய பிராசசர், பார்க்காமல் கொடுத்த தட்டு. ஓடுமா, ஓடாதா? எல்லோர் முன்னாலும் போட்டு, திரை கறுப்பாக நின்றுவிட்டால்?

பதினோராம் நாள் மனைவி வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு அவன் போன் பண்ணினான். அவள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். போனை வாங்கினால் அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"ஓடுச்சு மச்சான்! மூணு தரம் போட்டாச்சு! தாலி கட்டற எடத்துல இவனுங்க எந்திரிச்சு நின்னு கைதட்டறானுங்க. இப்ப மறுக்காவும் போடச் சொல்றானுங்க. இருங், எங்க ஆளுங்க பேசோணுமாம்."

வரிசையாக ஒவ்வொருத்தனும் போனை வாங்கி ஏதேதோ பாஷையில் என்னவோ சொன்னார்கள். கடைசியில் ஒருவன் கஷ்டப்பட்டு, "வணக்கம் மச்சான்," என்றான். பதிலுக்கு ஒரு வணக்கம் சொல்ல வேண்டியதுதானே, அதுகூட வரவில்லை. போனை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து, யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து நின்று, ஆசை தீரச் சிரித்தேன்.

தொப்பி இன்றுவரை நடு ஊசியில்தான் இருக்கிறது.

எழுதி முடித்தது: 2005, மார்கழி மாதம் பத்தாம் தேதி.